மலைவீட்டு மீன் தொட்டிக்கு மணல்: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

மீன் தொட்டியில் மணல் போடுவது பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் சென்னை, கோவை, மதுரை வீடுகளை மனத்தில் வைத்துச் சொன்னவை. போர் தண்ணீர், வருடம் முழுக்க வெயில், ஹீட்டரே தேவைப்படாத தொட்டி. அதை அப்படியே ஊட்டியிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ செய்துபார்த்தால் பாதி சரியாக வரும், மீதிப் பாதி காலை வாரிவிடும். மணல் எங்கேயும் மணல்தான். இங்கே வேறாக இருப்பது தண்ணீர், குளிர், காற்று மூன்றும்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூருக்கு ரேலியா அணை, ஊட்டிக்கு பார்சன்ஸ்வேலி, கொடைக்கானலுக்கு மனோரஞ்சிதம் அணை என்று நம் குழாயில் வருவதெல்லாம் மேலே பெய்த மழைதான். பாறையும் சோலையும் வழியாக இறங்கிவரும் அந்த நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் கலக்க வழியில்லை. குக்கரில் உப்புப் படியாது, சோப்பு நன்றாக நுரைக்கும், குளித்தால் வழுவழுப்புப் போக நேரமாகும். வீட்டுக்கு நல்ல தண்ணீர். மீன் தொட்டிக்குப் பாதி நல்லது, பாதி ஆபத்து. ஏன் என்று பின்னால் வருகிறது.

காற்று விஷயம் பலருக்குத் தெரியாது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்த தண்ணீரில் கரையும் ஆக்சிஜன், சென்னையில் அதே 25 டிகிரித் தண்ணீரில் கரைவதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. குளிர்ந்த தண்ணீர் அதிக ஆக்சிஜன் பிடிக்கும் என்பது உண்மைதான்; ஆனால் சூடாக்கிவிட்டால் அந்த லாபம் போய்விடுகிறது. மணலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கனமாகப் போட்ட மணலுக்குள் ஆக்சிஜன் இறங்காது. மேலே தண்ணீரிலேயே குறைவு என்றால் கீழே இன்னும் மோசம். எனவே மலையில் தொட்டி வைப்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை: மணலை மெல்லிசாகப் போடுங்கள்.

எந்த மணல்

மீன் தொட்டிக்கு நல்ல மணல் என்றால் குருணை அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். அதற்கும் பொடியாக இருந்தால் இறுகிப்போகும், மீன் வாலை அடித்தாலே கிளம்பி மிதக்கும். குருணை உருண்டையாக இருக்க வேண்டும், கூர்மை கூடாது. தண்ணீரில் எதையும் கரைத்துவிடவும் கூடாது. இந்த மூன்றுக்கும் பொருந்துவது தண்ணீர் சுத்திகரிப்பு டேங்குகளில் போடுகிற ஃபில்டர் மணல், அதாவது சலித்த சிலிக்கா மணல். ஆர்.ஓ. பிளான்ட், நீச்சல் குள சாமான் விற்கும் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். மேட்டுப்பாளையம், கோவை பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவைத்தால் கொண்டுவந்து தருவார்கள். அலங்கார மீன் கடையில் கிலோ கணக்கில் பாக்கெட் போட்டு விற்பதைவிட இது மலிவாகவே இருக்கும்.

கடைக்காரரிடம் "அண்ணே, ஃபில்டர் மணல் வேணும், நைசு வேணாம், நடு சைஸ் குடுங்க" என்று கேட்டால் புரிந்துகொள்வார். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலைக் குத்தக் கூடாது, கையில் வெள்ளைப் பவுடர் ஒட்டக் கூடாது.

ஆற்று மணலும் நல்லதுதான், கிடைத்தால். பக்கத்து வீட்டில் கட்டட வேலை முடிந்து மிச்சம் கிடக்கிறது என்று அள்ளாதீர்கள். அதில் சிமெண்ட் கலந்திருக்கும், தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறிக்கொண்டே போகும். இப்போது எல்லா இடத்திலும் கிடைப்பது எம்-சாண்ட். அது கல்லை உடைத்துச் செய்தது. கான்கிரீட் வேலைக்குப் பிரமாதம். தரையை மோப்பம் பிடித்துக்கொண்டு திரியும் மீனின் மீசைக்கு ஆகாது. அதில் இருக்கும் கல்பொடியும் லேசில் போகாது.

ஓடை மணல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை, அதில் மணல், எதற்குக் காசு? முதல் காரணம், நம் ஓடைகளில் பல காப்புக்காட்டுக்குள்ளேயோ அதை ஒட்டியோ ஓடுகின்றன. அங்கே ஒரு வாளி மணல் அள்ளினாலும் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். இரண்டாவது காரணம் மீனுக்கானது. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கீழே ஓடும் ஓடையில் பூச்சிமருந்து வடிந்து வரும். மீனும் இறாலும் அதற்குத் தாங்காது. செம்மண் களியும் சேர்ந்திருப்பதால் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் டீ நிறத்திலேயே இருக்கும். விட்டுவிடுங்கள்.

கறுப்பு மணல் அழகாக இருக்கும், மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும். வாங்கும் முன் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மணலில் துழாவிப் பாருங்கள். தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் வேண்டாம். அது ஃபில்டர் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டி ரோட்டரைத் தேய்த்துவிடும்.

காடி சொட்டு, அப்புறம் மலைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு

மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. காய்ந்த மணல் இரண்டு ஸ்பூன் ஒரு தட்டில் வைத்து மேலே காடி, அதாவது வினிகர், ஊற்றுங்கள். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால், சுண்ணாம்பு இருந்தால் மெல்லிய "ஸ்ஸ்" சத்தம் கேட்கும், நுரைக்கும். கிளிஞ்சல் பொடி, பவளப்பொடி கலந்த மணலும் கடற்கரை மணலும் இப்படி நுரைக்கும். சத்தமே இல்லை என்றால் மணல் மந்தமானது, தண்ணீரை மாற்றாது. எலுமிச்சைச் சாறு இருந்தாலும் போதும்.

சமவெளியில் நுரைக்கும் மணலைத் தூக்கி எறியச் சொல்வார்கள். அங்கே தண்ணீரே கடினம், அதில் இன்னும் சுண்ணாம்பு சேர்ப்பானேன்? மலையில் கதை வேறு. நம் தண்ணீரில் சுண்ணாம்பு, கார்பனேட் எல்லாம் மிகக் குறைவு. மீனின் கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது அமிலம் உண்டாகும். சமவெளித் தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அதை விழுங்கிவிடும். இங்கே விழுங்க ஆள் இல்லை. பி.எச். வாரா வாரம் இறங்கிக்கொண்டே வரும். 6-க்குக் கீழே போனால் அந்த பாக்டீரியாக்களே முடங்கிவிடும். கழிவு தேங்க ஆரம்பிக்கும். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், மீன் மட்டும் ஒதுங்கி நிற்கும்.

இங்கேதான் புதியவர்கள் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றிவிடுகிறார்கள். அமிலத் தண்ணீரில் கழிவு அம்மோனியம் என்ற, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவத்தில் கிடக்கும். புதுத் தண்ணீர் ஊற்றி பி.எச். திடீரென்று ஏறினால் அது அம்மோனியாவாக மாறும், அது விஷம். மீன் சாவது அன்றைக்கு ராத்திரி. "தண்ணி மாத்தினேன், செத்துப்போச்சு" என்று இங்கே அடிக்கடி காதில் விழுவதில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன்.

எனவே மலையில் நான் சொல்வது இது. மணல் மந்தமாகவே இருக்கட்டும். தனியாக, ஒரு சின்ன வலைப்பையில் உடைத்த கிளிஞ்சல் இரண்டு ஸ்பூன் போட்டு ஃபில்டருக்குள் வைத்துவிடுங்கள். கோழித்தீவனக் கடையில் முட்டைக்கோழிக்காக விற்கும் கிளிஞ்சல் நொறுக்கே போதும், கழுவிக்கொண்டால் சரி. தண்ணீர் அமிலமாகும்போதுதான் கிளிஞ்சல் அதிகமாகக் கரையும், தேவை தீர்ந்தால் மெதுவாகும். மணலோடு கலந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பையில் இருந்தால் அதிகமானாலும் வெளியே எடுக்கலாம். ஆப்ப சோடா போட்டு பி.எச். ஏற்றுவதைச் சிலர் சொல்வார்கள். ஏறும், ஆனால் ஒரே மூச்சில் ஏறும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். பி.எச். பார்க்கும் சொட்டு மருந்து டப்பா ஒன்று வாங்கிவிடுங்கள். மலையில் தொட்டி வைப்பவருக்கு தெர்மாமீட்டருக்கு அடுத்த அவசியம் அதுதான்.

எவ்வளவு, எப்படிக் கழுவுவது

கணக்கு எளிது. தொட்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர், அதை 1.6-ஆல் பெருக்கினால் கிலோ. இரண்டடிக்கு ஓரடித் தொட்டி, அதாவது 60-க்கு 30 சென்டிமீட்டர், மணல் 3 சென்டிமீட்டர் என்றால் 5.4 லிட்டர், ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கழுவும்போது போவதையும் சேர்த்து 10 கிலோ வாங்குங்கள். செடி வைப்பதாக இருந்தால் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் சலியுங்கள். ரவை சலிக்கும் சல்லடையில் காய்ந்த மணலைப் போட்டு ஆட்டினால் கீழே விழும் மாவு போன்ற தூளை ஒதுக்கிவிடலாம். இதைச் செய்தால் கழுவும் வேலை பாதியாகக் குறையும். ஊட்டியில் மார்கழி, தை மாதத்தில் குழாய்த் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தவருக்கு இந்தப் பாதியின் அருமை தெரியும்.

அப்புறம் வாளி. வாளியில் கால் பங்குக்கு மேல் மணல் போடாதீர்கள். குழாயை அடிவரை விட்டுத் தண்ணீரைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பிசையாமல் புரட்டுங்கள். கலங்கிய தண்ணீரை, மணல் அடியில் அமர்வதற்குள், சட்டென்று சாய்த்து ஊற்றுங்கள். முதல் சில தடவை பால் மாதிரி வரும். விடாமல் செய்தால் படிப்படியாகத் தெளியும். வாளியில் தண்ணீர் இருக்கும்போதே அடியில் குருணை தனித்தனியாகத் தெரிந்தால் போதும். முழுக்கத் தெளிந்த தண்ணீருக்காகக் காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும். சோப்பு, பினாயில் பட்ட வாளியைத் தொடவே வேண்டாம், மீனுக்கென்று ஒரு புது வாளி வாங்கிவையுங்கள். கழுவிய தண்ணீரைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றாமல் தோட்டத்தில் ஊற்றுங்கள். மணல் போய்ப் பைப்பில் அடைத்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

தொட்டியில் போடுவது

தொட்டி வைக்கும் இடத்தை முதலில் பார்த்துவிடுங்கள். இரண்டடித் தொட்டியே தண்ணீர், மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து முக்கால் குவிண்டால் தொடும். பழைய பங்களாக்களிலும் சில எஸ்டேட் வீடுகளிலும் பலகைத் தரை இருக்கும், நடந்தாலே அதிரும். அங்கே சுவரை ஒட்டி, பலகைக்கு அடியில் உத்தரம் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். தொட்டிக்கு அடியிலும் பின்பக்கமும் ஓர் அங்குல தெர்மாகோல். அடியில் வைப்பது கண்ணாடிக்கு மெத்தை, பின்னால் வைப்பது குளிருக்குப் போர்வை.

பெரிய கல் வைப்பதாக இருந்தால் மணலுக்கு முன்னால் கல்லை வையுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டித் தோண்டி ஒருநாள் கல் சாய்ந்து கண்ணாடியில் விழும்.

கழுவிய ஈர மணலை ஒரு கிண்ணத்தால் அள்ளி வைத்து, பின்பக்கம் உயரமாக, முன்பக்கம் தாழ்வாகச் சரித்துவிடுங்கள். அதன் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டின் நடுவில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மணல் குழியாது. முழுக்க நிரம்பியபின் தட்டை மெல்ல எடுங்கள். தண்ணீர் மங்கலாகத்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாளில் படிந்துவிடும். ஃபில்டரை உடனே போடாதீர்கள். மிதக்கும் தூள் படிந்த பிறகு போடுங்கள்.

மணல் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரே நல்லது, ஏர் பம்பில் ஓடுவது. மோட்டார் தண்ணீருக்குள் இல்லாததால் மணல் புகுந்து கெடுக்க ஒன்றுமில்லை. கரண்ட் போய் வந்தாலும் தானாக ஓட ஆரம்பிக்கும். தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஃபில்டர்தான் வேண்டும் என்றால், உறிஞ்சும் குழாயை மணலிலிருந்து நாலு விரல் மேலே வைத்து அதன் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள்.

ஹீட்டரை மணலுக்குள் புதைக்கக் கூடாது. பட்ட இடத்தில் சூடு தேங்கிக் கண்ணாடி விரியும். தண்ணீர் ஓடும் இடத்தில், மணலுக்கு மேல், சாய்வாக ஒட்டுங்கள். ஊட்டி, கொடைக்கானல் டிசம்பர் ஜனவரி ராத்திரிக்கு இரண்டடித் தொட்டிக்கு 50 வாட் காணாது. 75 வாட் இரண்டு வைத்தால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றும். கூடலூர், தாண்டிக்குடி போன்ற தாழ்ந்த இடங்களில் ஒன்றே போதும். குளிர் அறையில் சூடான தொட்டி என்பதால் மூடியிலிருந்து நீர் முத்து முத்தாக வழியும். ஒயரைத் தொட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலே பிளக்குக்குக் கொண்டுபோங்கள், வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பிளக்கில் ஏறாது. தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குவது எந்த ஊரிலும் சட்டம்.

செடி

மணலில் உரமில்லை. வேரால் உண்ணும் கிரிப்டோகோரைன் போன்றவற்றுக்கு வேர் அருகே உர வில்லை ஒன்றைப் புதைத்தால் நன்றாக வரும். வேரைச் சற்று ஆழமாகச் சொருகி, பிறகு குருத்து வெளியே தெரியும் வரை மெல்ல மேலே இழுங்கள். வேர் நேராக நிற்கும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் புதைக்கவே கூடாது, தண்டு அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். வாலிஸ்னேரியா நம் மென்தண்ணீரில் சோம்பித்தான் வளரும்.

மீன் விடும் முன்

பொறுமையின்மை மீனைக் கொல்லும் அளவுக்கு மணல் எந்த நாளும் கொல்லாது. கழிவைச் சாப்பிடும் பாக்டீரியாக்கள் மணலிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நாள் ஆகும். வெதுவெதுப்பான ஊரில் நாலிலிருந்து ஆறு வாரம் என்பார்கள். குளிரில் அவையும் சோம்பேறிகள், 15 டிகிரியை ஒட்டி வளர்ச்சி நன்றாகவே மந்தமாகிவிடும். ஆகவே குளிர்ந்த நீர் மீன்தான் வைக்கப் போகிறீர்கள் என்றாலும், இந்த ஆரம்பக் காலத்தில் மட்டும் ஹீட்டரை 26-இல் வைத்து ஓடவிடுங்கள். ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவரிடம் அழுக்கான பழைய ஸ்பாஞ்சையும் ஒரு பிடி பழைய மணலையும் கேட்டு வாங்கிப் போட்டால் காத்திருப்பு பாதியாகும். மலையில் மீன் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாளியில் ஒருநாள் வைத்தால் போய்விடும் என்பார்கள். குளிரில் அதுவும் மெதுவாகத்தான் போகும். ஆன்டி-குளோரின் சொட்டு விட்டுவிடுங்கள், நிம்மதி.

எந்த மீன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. வெள்ளைக்காரர்கள் அவலாஞ்சியில் டிரவுட் பண்ணை வைத்தது இங்குள்ள தண்ணீரின் குளிர்ச்சியை நம்பித்தான். அந்தக் குளிர்ச்சியோடு சண்டை போடாமல், 20 டிகிரியை ஒட்டி வாழும் மீனாகப் பார்த்து எடுத்தால் ஹீட்டர் செலவும் குறையும், கரண்ட் போனாலும் பதற்றமில்லை. ஒயிட் கிளவுட், ஜீப்ரா டேனியோ, நம் நாட்டு ரோஸி பார்ப் ஆகியவை இதற்குத் தோது. மணலுக்கென்றே பிறந்த கோரிடோரஸ் இனத்தில் புள்ளி போட்ட பெப்பர்டு வகை ஓரளவு குளிர் தாங்கும். மீசையால் மணலைத் துழாவி, வாயில் எடுத்துச் செவுள் வழியாகத் துப்பும். பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஆறு மீனாவது சேர்த்து வாங்குங்கள், தனியாக இருந்தால் மூலையில் ஒடுங்கும். கூலி லோச் போன்றவற்றுக்கு 24 டிகிரிக்கு மேல் வேண்டும், முதல் வருடம் ஆசைப்படாதீர்கள். கப்பியும் மாலியும் மென்தண்ணீரில் தேய்ந்துபோகும். கோல்டுஃபிஷ் குளிரைத் தாங்கும், மணலையும் ரசிக்கும், ஆனால் அது போடும் கழிவுக்கு இரண்டடித் தொட்டி போதாது.

மீன் கீழேயிருந்து வரும்போது ஒரு விஷயம். குன்னூர் மலைப்பாதையில் காட்டேரி என்ற இடத்தைத் தாண்டும்போது பையில் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் அடைத்த மீன் பையும் அதே காரணத்தால் உப்பும். கடையில் "மலைக்குப் போகுது, காத்து கொஞ்சம் கம்மியா அடிங்க" என்று சொல்லி, இரட்டைப் பையாகக் கட்டச் சொல்லுங்கள். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கு ஏறுபவர்களுக்கும் இதே கதைதான். வீட்டுக்கு வந்ததும் பையை மிதக்கவிட்டு, கால் மணிநேரம் கழித்துப் பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். சமவெளிக் கடினத் தண்ணீரிலிருந்து நம் மென்தண்ணீருக்கு வருவதால் இந்த வேலைக்கு ஒரு மணிநேரமாவது ஒதுக்குங்கள்.

வாராந்தர வேலை

கூழாங்கல் தொட்டியில் தீனியும் கழிவும் இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடும். மணலில் எல்லாம் மேலேயே கிடக்கும். அழுக்காகத் தெரிகிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு இதுதான் மணலின் பெரிய வசதி: அழுக்கு எங்கே, எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிறது, எடுத்துவிடலாம்.

எடுக்க ஒரு விரல் தடிமன் ட்யூப் போதும். கூழாங்கல்லுக்குச் சொல்வது மாதிரி மணலுக்குள் குத்தக் கூடாது. மணலே வாளிக்கு வந்துவிடும். ட்யூப் முனையை மணலுக்கு ஓர் அங்குலம் மேலே பிடியுங்கள். மற்றக் கையால் ட்யூபின் மறுமுனையருகே மடித்துப் பிடித்து, இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் பழகிக்கொள்ளுங்கள். ட்யூபை அழுக்கின் மேல் சிறு வட்டமாகச் சுழற்றினால் கழிவு லேசானது என்பதால் முதலில் எழும்பும், மணல் எழும்பிப் பாதியில் திரும்ப விழும். அந்த நேரத்தில் மடிப்பைத் தளர்த்தினால் அழுக்கு மட்டும் போகும். இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிடும். அப்படியும் கொஞ்சம் மணல் வாளிக்கு வந்தால் அலசித் திரும்பப் போடுங்கள்.

ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீருக்கு மேல் மாற்றாதீர்கள். ஊற்றும் தண்ணீர் தொட்டியின் சூட்டில் இருக்க வேண்டும். கெட்டிலில் கொஞ்சம் காய்ச்சி வாளியில் கலந்து, கையை நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். குளிரில் விறைத்த கைக்கு 18 டிகிரியே வெந்நீராகத் தெரியும்.

மாதத்தில் இரண்டு தடவை ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஒரு துடைப்பக்குச்சியால் மணலை மெல்லக் கிளறுங்கள். முழுத் தொட்டியையும் ஒரே நாளில் வேண்டாம். இன்றைக்கு இடப்பக்கம், அடுத்த முறை வலப்பக்கம். செடி வேரைத் தொடாதீர்கள், வேரே மணலுக்குள் ஆக்சிஜன் கொண்டுபோகும். மணலைத் தோண்டி வாழும் சின்ன ஊசி நத்தைகள் கிடைத்தால் நாலைந்து விடுங்கள், கிளறும் வேலையை ராத்திரியில் அவை பார்த்துக்கொள்ளும். தீனி அதிகமானால் பெருகும். பெருகினால் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

நிறம் மாறினால்

கண்ணாடியை ஒட்டி மணலுக்குள் கறுப்புத் திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் ஆக்சிஜன் போகவில்லை என்று அர்த்தம். குச்சியால் குத்தினால் குமிழி வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. சின்னத் திட்டுக்குப் பயப்பட வேண்டாம். மேலே ஆக்சிஜன் உள்ள தண்ணீரைத் தொட்டவுடன் அது சிதைந்துபோகும். ஏர் பம்பைக் கூட்டி வைத்துவிட்டு, சிறிது சிறிதாக, நாள் விட்டு நாள் கிளறுங்கள். தொட்டி முழுக்கக் கறுத்திருந்தால் ஒரேயடியாகக் கலக்காதீர்கள். மீனை வாளிக்கு மாற்றி, மணலின் உயரத்தைக் குறைப்பதே வழி.

முதல் இரண்டு மாதத்தில் மணல் மேல் பழுப்புத் தூள் படரும். டயட்டம் என்ற பாசி, புதுத் தொட்டிக்கு வருவது, தானாகப் போகும். நீலப்பச்சையாக, வழவழவென்று போர்வை மாதிரி உரிந்து வந்தால் அது பாசியல்ல, பாக்டீரியா; வெயிலோ விளக்கோ அதிகம், தீனி அதிகம் என்று சொல்கிறது. உறிஞ்சி எடுங்கள், விளக்கைக் குறையுங்கள். கண்ணாடியில் மணல் மறைக்கும் உயரத்துக்கு வெளியே கறுப்பு டேப் ஒட்டினால் உள்ளே வெளிச்சம் போகாது, திரும்ப வராது.

மலைக்கே உரியது ஜூன் முதல் நவம்பர் வரை வரும் செம்மண் படலம். மழை வலுத்தால் குழாயில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் மணல் மேல் மெல்லிய களி படிந்து, மணலின் துவாரங்களை அடைத்துவிடும். கறுப்புத் திட்டுக்கு அதுவே ஆரம்பம். மூடி போட்ட டிரம்மில் இரண்டு நாள் தெளியவைத்து, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். சீக்கிரம் தெளியட்டும் என்று படிகாரம் போடுவது குடிதண்ணீருக்குச் சரி. மீன் தொட்டிக்கு வேண்டாம். ஏற்கெனவே கொஞ்சமாக இருக்கும் கார்பனேட்டை அது தின்றுவிடும், பி.எச். இன்னும் விழும். மழைக்கு முன்பே ஒரு டிரம் நல்ல தண்ணீர் பிடித்து வைப்பது புத்திசாலித்தனம்.

அதே மழையில் மரம் விழுந்து கரண்ட் ஒருநாள் முழுக்க வராமல் போவதும் உண்டு. ஏர் பம்ப் பேட்டரியில் ஓடுவதாக ஒன்று வைத்திருங்கள், தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள், தீனி போடாதீர்கள். ஆரோக்கியமான மீன் ஒருநாள் பட்டினி தாங்கும். தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். ஆறிய தொட்டியில் வெந்நீர் ஊற்றிச் சட்டென்று சூடாக்குவதுதான் கெடுதல்.

மணலை மாற்ற வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம், தேய்ந்துபோகிற பொருளல்ல. குறைந்ததை மட்டும் கழுவிச் சேர்த்தால் போதும். வீடு மாற்றும்போது மணலோடு தொட்டியைத் தூக்காதீர்கள், அடிக்கண்ணாடி விரியும். மணலை அள்ளி வாளியில், மேலே தொட்டித் தண்ணீர் கொஞ்சம் நிற்கும்படி வைத்து, அன்றைக்கே புது வீட்டில் திரும்பப் போட்டுவிட்டால் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். நாளாகும் என்றால் அலசிக் காயவைத்துச் சாக்கில் கட்டுங்கள். காய்ந்த மணலைத் திரும்பப் போடும்போது அது புது மணல்தான், மறுபடி அந்த ஆறு வாரக் கணக்கு. தொட்டியையே கைவிடுவதாக இருந்தால் மீனையும் நத்தையையும் செடியையும் ஏரியிலோ ஓடையிலோ விடாமல் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள். தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றலாம், மணலைப் பூந்தொட்டி மண்ணோடு கலக்கலாம், நீர் நன்றாக வடியும்.